கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஒரு பிடி மண்

என் பிள்ளை தேசப்பன் உயிர் விட்ட இடத்தைப் பார்க்கத்தான் நான் பாரீசுக்குப் போனேன். ஊர் சுற்றப் போனதாக மெட்ராசில் எங்கள் மீனவக் குப்பத்தில் சிலர் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்த ஊரில் நான் பார்த்தது ஒரே ஒரு கட்டடம். அதை நாலு நாள் பார்த்தேன். எப்படி இருந்தது என்று கேட்டவர்களிடம் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் கொஞ்சம் வருகிறது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேசு கடலுக்குப் போகிறவன் இல்லை. டோல்கேட் பக்கத்தில் அண்ணாச்சி ஒருவரின் பட்டறையில் தச்சு வேலை செய்தான். கண்காட்சிகளுக்கு ஸ்டால் போடுகிற வேலை அது. இரண்டு நாள் நிற்கப்போகிற கடையை ஒரே நாளில் கட்டுவார்கள். இரண்டு நாள் முடிந்ததும் அரை நாளில் பிரித்துப் போடுவார்கள். டில்லி, துபாய் என்று போய் வந்தவன் போன வருஷம் பாரீசுக்குப் போனான். அங்கே ஸ்டாலுக்குக் கம்பளம் விரித்துக்கொண்டிருந்தவன் மாரை அடைக்கிறது என்று உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயசு. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டான். அவன் அப்பாவும் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. உடம்பு பெட்டியில் வந்தது. செய்ய வேண்டியதை எல்லாம் செய்தோம்.

ஒன்றை மட்டும் செய்ய முடியவில்லை. வெளியூரில் உயிர் விட்டவனுக்கு எங்கள் ஆட்கள் பிடிமண் எடுப்போம். மூச்சு நின்ற இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து, பெற்றவளோ கட்டியவளோ மூன்று தரம் உரக்கப் பேர் சொல்லி, வீட்டுக்கு வா என்று கூப்பிட வேண்டும். அந்த மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து நம் கடலில் கரைக்க வேண்டும். வழியில் கீழே வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் அவன் அங்கேயே நின்றுவிடுவான். அந்த இடத்திலேயே மறுபடி கூப்பிட வேண்டும். தேசுவுக்கு நான் ஒருத்திதான். நான் போகாவிட்டால் அவன் அந்தக் குளிரில் நின்றுகொண்டே இருப்பான். ஒரு வருஷமாக எனக்கு இந்த நினைப்புதான்.

அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். இந்த வருஷமும் அதே கண்காட்சி வந்தபோது வீடு தேடி வந்தார். "அக்கா, ஆறு பேரு போறோம். பொங்கிப் போட ஒரு ஆளு வேணும். நீங்க வாரீயளா?" என்றார். அவருக்குச் சமைக்க ஆள் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறி ஏர்போர்ட்டில் இறங்கினோம். தேசுவின் கூட்டாளி பாபு என் பக்கத்திலேயே இருந்தான். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். தேசு போனபோது கூட இருந்தவன் இவன்தான். விமானத்தில் கொடுத்த சோற்றில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. பாபு தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். "தேசு சொல்லிக் குட்த்ததும்மா. ஊறுகா இல்லாம பிளேன் ஏறாதடான்னுவான்" என்றான். பிறகு அவனும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

முதல் நாள் இறங்கியதும் முகத்தில் அடித்தது குளிர். ஐஸ் பெட்டியைத் திறந்து மீன் எடுக்கும்போது கையில் ஏறுமே, அது உடம்பெல்லாம் ஏறினால் எப்படி இருக்கும், அப்படி. தங்கின இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் நம் ஆட்கள் கடை இருந்தது. கல்லாவில் இருந்தவர் யாழ்ப்பாணத்து அம்மா. "எங்கயிருந்து வாறியள் அம்மா? மெட்ராஸோ?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லவே எனக்கு நேரம் பிடித்தது. நெத்திலிக் கருவாடு ஒரு பை எடுத்தேன். அதைக் குழம்பு வைத்ததும் நாங்கள் தங்கின வீட்டின் சொந்தக்காரர் மேலே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு என்னவோ கத்தினார். "செத்தது யாருன்னு கேக்குறாருக்கா" என்றார் அண்ணாச்சி. சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

சாயங்காலம் கண்காட்சி நடக்கிற மாளிகைக்குக் கூட்டிப்போனார்கள்.

ஒரு சாலை. அதன் இரண்டு பக்கமும் எதிரும் புதிருமாக இரண்டு மாளிகைகள். உலகத்து நாடுகளெல்லாம் தங்கள் சரக்கைக் கொண்டுவந்து காட்டுவதற்காக எந்தக் காலத்திலோ கட்டினார்களாம். கண்காட்சி முடிந்ததும் பிரித்துப்போட மனசு வராமல் விட்டுவிட்டார்களாம். பெரியதுதான் நாங்கள் போனது. முகப்பெல்லாம் கல். ராயபுரம் பழைய ஸ்டேஷன் வாசலில் நிற்கிற தூண்களைத்தான் இத்தனை நாளும் நான் பெரிய தூண் என்று நினைத்திருந்தேன். இங்கே ஒரு தூணுக்குப் பின்னால் ஒரு குடும்பம் ஒளிந்துகொள்ளலாம். தூண் வரிசைக்குப் பின்னால் சுவர் நெடுக சின்னச் சின்னக் கல் பதித்து மனிதர்களைச் செய்திருந்தார்கள். கூரை மூலையில் செம்புக் குதிரைகள் தேரோடு ஆகாசத்தில் பாய்ந்துகொண்டு நின்றன. கொஞ்சம் அசந்தால் நம் தலைமேல் குதிக்கும்.

உள்ளே நுழைந்ததும் கல் முடிந்து இரும்பு ஆரம்பிக்கிறது. எனக்குத் தெரிந்த இரும்பு துறைமுகத்து கிரேனும் பேசின் பிரிட்ஜ் யார்டில் துருப்பிடித்துக் கிடக்கிற ரயில் பெட்டிகளும்தான். இரும்பு என்றால் எண்ணெய்ப் பிசுக்கு, கரி. இந்த ஊரில் அதை முருங்கைக் கிளை மாதிரி வளைத்து, இலை வைத்து, கொடி வைத்து, இளம்பச்சை அடித்திருந்தார்கள். மாடிப்படி கூட இரும்பில் சுருண்டு இறங்கியது. மேலே அண்ணாந்தால் கண்ணாடி, எல்லாம் கண்ணாடி. கவிழ்த்துப் போட்ட ஒரு பெரிய படகுக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. படகின் விலா எலும்புகளுக்கு நடுவில் பலகைக்குப் பதில் ஆகாசத்தை அடைத்திருந்தார்கள். இவ்வளவு உயரத்தில் யார் ஏறி அந்தக் கண்ணாடியைப் பொருத்தினார்களோ, அவர்களுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே நூறு பேர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சத்தத்தில்தான் என் பிள்ளை போயிருக்கிறான்.

பாபு என் கையைப் பிடித்து, சுருள் படிக்கட்டுக்கு இடப்பக்கம் மூன்றாவது தூணுக்குக் கூட்டிப்போனான். "இங்கதாம்மா. இதுல சாஞ்சிகினு தண்ணி குட்றான்னான். நான் ஓடிப்போயி பாட்லு எத்துனு வந்து பாக்கறேன், கண்ணு தொறந்துகினு கீது. ஆளு இல்ல" என்றான்.

நான் தூணைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. பிறகு குனிந்து தரையைப் பார்த்தேன். தரை முழுக்க சிமெண்ட். பாலிஷ் போட்ட, விரிசல் இல்லாத சிமெண்ட். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு விரல் மண் இல்லை. மண்ணே இல்லாத இடத்தில் போய் உயிரை விட்டிருக்கிறான்.

"தா, வெளியில தோட்டம் கீதும்மா, பூச்செடி வெச்சிக்கீறான். அதுல எட்த்துக்கலாம்" என்றான் பாபு.

"அவன் அங்கயா சாஞ்சான்?" என்றேன்.

இரண்டாம் நாள் முழுக்க அந்தக் கட்டடத்தில் மண் தேடினேன். மற்றவர்கள் ஸ்டால் கட்ட, நான் சுவரோரமாக நடந்தேன். மாளிகையை அண்ணாந்து பார்க்க வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். தரையைப் பார்த்து நடந்தவள் நான் ஒருத்திதான். அலங்காரத்துக்குத் தொட்டிச் செடிகள் வந்து இறங்கின. அது எந்த ஊர் மண்ணோ. விளக்குமாற்றால் தள்ளிய தூசியில் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் இருந்தன. இப்படி வாரிப் பெருக்கி, கழுவித் துடைத்து வைத்திருக்கிற இடத்தில் நான் என்ன எடுத்துப்போவது? அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்தார். "அக்கா, ஆண்டவருக்குத் தெரியும். எங்கயாவது ஒரு துளி வச்சிருப்பாரு" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது.

திரும்பும்போது சுரங்க ரயிலில் ஒரு கூத்து. கூட்டம் என்னை உள்ளே தள்ளியது. பாபு பிளாட்பாரத்தில் நிற்க, கதவு மூடிக்கொண்டது. அவன் கண்ணாடியில் தட்டினான். எனக்கு வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் என்னவோ கேட்டாள், தலையை ஆட்டினேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, வெள்ளை ஓடு பதித்த சுவரை ஒட்டி நின்றேன். பாபு வந்து சேர அரை மணி நேரம் ஆனது. வேர்த்து ஊற்றியது அவனுக்கு.

"செம பேஜாரும்மா நீ! ஒரு தபா பாபுன்னு கத்தி இருந்தா எவனாவது கதவ புடிச்சிகினு இருப்பான்ல?"

"கத்த வரலடா" என்றேன்.

உண்மை அதுதான். எனக்கு எப்போதுமே கத்த வராது. எங்கள் குப்பத்துப் பெண்கள் வாசலில் நின்று கூப்பிட்டால் கடலில் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான். மீனைக் கூவி விற்க முடியாமல் நான் கருவாடு காயப்போட்டுப் பிழைத்தவள். தேசு சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவனைச் சாப்பிடக் கூப்பிட பக்கத்து வீட்டுப் பெண்ணைத்தான் அனுப்புவேன். "உங்க அம்மாவுக்கு வாயி இல்லயாடா?" என்று எல்லாரும் அவனைச் சீண்டுவார்கள். இப்போது மூன்று தரம் உரக்கக் கூப்பிட வேண்டும். இதற்கு யாரையும் அனுப்ப முடியாது.

மூன்றாம் நாள் கண்காட்சி திறந்தது. கோட்டு போட்டவர்கள், வாசனை பூசியவர்கள் என்று மாளிகை நிறைந்துவிட்டது. எங்கள் ஸ்டாலில் தோல் பைகள் வைத்திருந்தார்கள். நான் யார் கண்ணிலும் படாமல் அந்த மூன்றாவது தூணுக்குப் பின்னால் போய், அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். அவன் சாய்ந்த மாதிரியே.

மத்தியானம் மழை பிடித்தது. கண்ணாடிக் கூரைமேல் மழை விழுகிற சத்தம் கருவாடு காய்கிற தகரக் கூரைமேல் விழுகிற மாதிரி இல்லை. ஆயிரம் பேர் மெதுவாகக் கைதட்டுகிற மாதிரி இருந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் முதுகில் ஏதோ ஓடுகிற மாதிரி இருந்தது. திரும்பித் தூணில் காதை வைத்தேன்.

தூணுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் பாபுவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவனும் காதை வைத்துப் பார்த்தான். "யம்மாடி!" என்றான். தூணின் அடியில் முழங்கால் உயரத்தில் ஒரு சின்ன இரும்பு மூடி இருந்தது. மேலே அடித்த அதே பச்சையை அதன்மேலும் அடித்திருந்ததால் இரண்டு நாளும் என் கண்ணில் படவில்லை.

கட்டடத்தின் சாவிகளை வைத்திருந்தவரைத் தேடிப் பிடித்தோம், என் வயசுக்காரர். நீலச் சட்டை, இடுப்பில் சாவிக் கொத்து. பாபு தன் போனில் தமிழில் பேச, போன் அவர் பாஷையில் பேசியது. அவர் பேசியதை அது மேடைப் பேச்சு மாதிரி தமிழில் சொன்னது. "இந்தத் தூண்கள் அனைத்தும் உள்ளே வெறுமையானவை. கூரையின் மழை இவற்றின் வழியாகப் பூமிக்குச் செல்கிறது. தாங்கள் எதற்காகத் திறக்க விரும்புகிறீர்கள்?"

பாபு சொன்னான். போன வருஷம், இந்தத் தூண், இந்த அம்மாவின் பிள்ளை. போன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர் பதிலைப் போன் அதே மேடைக் குரலில் சொன்னது: "மருத்துவ வண்டிக்காகப் பெரிய கதவைத் திறந்தவன் நான்தான்." பிறகு அவர் விரலால் நாளைக் காலை என்று காட்டினார்.

நாலாம் நாள் காலையில், கூட்டத்தை உள்ளே விடுவதற்கு முன்னால் போனோம். அவர் மண்டியிட்டு, மூடியின் திருகாணிகளில் மூன்றைக் கழற்றினார். நாலாவது வரவில்லை. பாபு தன் பெட்டியிலிருந்து எண்ணெய் எடுத்து விட்டான். அண்ணாச்சி டார்ச் பிடித்தார். மூடி திறந்ததும் உள்ளே ஈரமாக, கறுப்பாக, படிந்து கிடந்தது மண். கூரையில் விழுந்த தூசி, மக்கின இலை, பறவை எச்சம், எல்லாம் மழையில் கரைந்து இறங்கி அடியில் தங்கியிருந்தது. அவன் சாய்ந்த அதே தூண். அவன் முதுகுக்கு அந்தப் பக்கம் ஒரு விரற்கடை இரும்பு, அதற்குப் பின்னால் இந்த மண் இருந்திருக்கிறது.

கையை விட்டு ஒரு பிடி எடுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. மஞ்சள் துணியில் முடிந்து மார்போடு பிடித்துக்கொண்டேன்.

"கூப்பிடுங்கக்கா" என்றார் அண்ணாச்சி.

மேலே பார்த்தேன். அவ்வளவு பெரிய இடம் காலியாக இருந்தது. காலை வெளிச்சம் பச்சை இரும்புக்கு நடுவே இறங்கி நின்றது. அந்தக் கிழவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். தூரத்தில் இரண்டு பெண்கள் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று இருந்தது எனக்கு. பிள்ளையைக் கூப்பிட வந்தவளுக்கு அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது. தேசு, வாடா, வூட்டுக்குப் போலாம் என்று மூன்று தரம் சொன்னேன். உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் பாபு, "எனக்கே கேக்கலயேம்மா" என்றான்.

"சும்மா இருல" என்று அண்ணாச்சி அவனை அதட்டினார். என்னிடம், "பெத்தவ முணுமுணுத்தாலும் பிள்ளைக்குக் கேக்கும்க்கா" என்றார். அன்றைக்கு முழுக்க நான் சோறு வடிக்கவில்லை. முடிச்சு மடியிலேயே இருந்தது. கைகழுவப் போகும்போது பாபு வாங்கிக்கொள்வான், அவன் சாப்பிடும்போது அண்ணாச்சி வைத்துக்கொள்வார். சர்ச்சுக்குப் போகிறவர், முகம் சுளிக்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கீழே வைக்கவில்லை. ஆனாலும் அது வெறும் மண்ணாகத்தான் கனத்தது. அவன் கூட வருகிறான் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

ராத்திரியோடு ஸ்டாலைப் பிரித்தாயிற்று. ஐந்தாம் நாள் ஏர்போர்ட். செருப்பு, பை, பெல்ட் எல்லாவற்றையும் தட்டில் வைத்துத் தள்ளுகிறார்களே, அந்த இடம். ஒரு வாசல் சட்டம் நிற்கிறது, ஆட்கள் ஒவ்வொருவராக அதற்குள் நடந்து வர வேண்டும். அங்கே கறுப்பாக, நல்ல உயரமாக ஒரு பெண் காவலுக்கு நின்றாள். என் கையிலிருந்த முடிச்சைக் காட்டி, தட்டில் வை என்றாள்.

நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அவள் மறுபடி சொன்னாள். பின்னால் வரிசை நீண்டது. பாபு தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கெஞ்சினான். அவள் இல்லை என்றாள், கோபமாக இல்லை, அப்படித்தான் சட்டம் என்கிற மாதிரி.

"வெச்சுதான் ஆவணுமாம்மா. இல்லாகாட்டி நம்பள உள்ளயே வுட மாட்டாங்க."

வைத்தேன். யாருடைய சீப்போ கிடந்த ஒரு சாம்பல் நிறத் தட்டில் என் பிள்ளையை வைத்தேன். ரப்பர் திரையை விலக்கிக்கொண்டு அது உள்ளே போய்விட்டது. நான் சட்டத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன். ஒருவன் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தான், ஒரு காகிதத்தால் துடைத்து மிஷினில் வைத்தான், பழையபடி முடிந்து என் கையில் கொடுத்தான்.

கீழே வைத்தாயிற்று. அவன் அந்தப் பக்கமே நின்றுவிட்டான். மாளிகையில் என் குரல் கேட்டிருந்தால் இதுவரைக்கும் வந்தவன், இங்கே நின்றுவிட்டான். கேட்டிருக்காவிட்டால் அங்கேயே நிற்கிறான். எப்படியும் இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் விமானம் ஏறிவிடுவேன்.

அந்தச் சட்டத்துக்கு நேராகத் திரும்பி நின்றேன்.

"தேசு! டேய் தேசு! வாடா! வூட்டுக்குப் போலாம் வாடா!"

அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. பெல்ட் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. "யம்மா" என்று பாபு என் தோளைத் தொட்டான். தட்டிவிட்டேன். இரண்டாம் தரம் கூப்பிட்டேன். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது எனக்கு யாரும் தெரியவில்லை. அந்தச் சட்டம் மட்டும்தான் தெரிந்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

காவல் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு பாபுவிடம் என்னவென்று கேட்டாள். அவன் அழுதுகொண்டே இரண்டு வார்த்தை சொன்னான். அவளுக்குப் புரிந்ததோ, இல்லையோ.

வரிசையில் அடுத்து நின்ற ஆள் சட்டத்துக்குள் வர ஒரு காலை எடுத்து வைத்தான். அவள் கையை நீட்டி அவனை நிறுத்தினாள். சட்டம் காலியாக இருந்தது. ஒரு ஆள் அதற்குள் நிதானமாக நடந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் கையை இறக்காமல் வைத்திருந்தாள். அதற்கப்புறம்தான் அடுத்தவனை வரச் சொன்னாள்.